பில்லோடவா, பில் இல்லாமலா?

வரி போடுவது அரசாங்கம், வாங்கித் தருவது கடைக்காரர், கொடுப்பது வாடிக்கையாளர். இவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்குவது எங்கள் தொழில்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரு கடிகாரக் கடைக்கு மேலே, சின்ன மாடி அறையில் நான் சேல்ஸ் டாக்ஸ் ஆலோசகராக உட்கார்ந்திருந்தேன். வியாபாரிகளுக்கு மாதக் கணக்கு போட்டுக் கொடுப்பது, எந்தச் சரக்குக்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்று பார்த்துச் சொல்வது, அதிகாரி கூப்பிட்டால் கூடப் போய் நிற்பது, இவ்வளவுதான் வேலை. வாட் என்றும் ஜி.எஸ்.டி. என்றும் இப்போது பேசுகிறீர்களே, அதற்கெல்லாம் முன்னால் இருந்த விற்பனை வரிக் காலம். "பில்லோடவா, பில் இல்லாமலா?" என்று கடைக்காரர் கேட்க, ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் இதைப் படிக்கலாம். கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டவர் என்றால் கட்டாயம் படிக்க வேண்டும். நாம் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று பாடுபட்டவர்கள்தான்.

சார் எப்ப வருவாக?

அறைக்கு வெளியே என் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு ஒரு பலகை மாட்டியிருந்தேன். அதைப் பார்த்து ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு ஏறி வருகிறவர்கள் அதிகம். முதல் மாதம் ஒருநாள் காலையில், தச்சநல்லூரில் மரக்கடை வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்தவர், நான் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்தார். பேப்பர் முழுவதையும் படித்தார். அதற்குள் நான் இரண்டு பேரின் கணக்கைப் பார்த்து அனுப்பிவிட்டேன். கடைசியில் பைய எழுந்து என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, "யம்மா, சார் எப்ப வருவாக?" என்றார். "நான்தான் அண்ணாச்சி. சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் போய் அதே பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டார். இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போயிருந்தார்கள். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒரு கேள்வி. நான் வித்தத குறைச்சு எழுதச் சொன்னா எழுதுவீகளா?" என்றார். "மாட்டேன், வேற ஆள் பார்த்துக்கிடுங்க" என்றேன். கொண்டுவந்த மஞ்சள் பையை மேசையில் வைத்தார். அப்புறம் அவர் சொன்னது இது:

"அப்ப சரி. என் வீட்டுக்காரியும் இப்படித்தான், ஒரு பைசா மறைக்க விடமாட்டா. ரெண்டு பேருகிட்டயும் ஒரே கணக்கச் சொல்லிட்டுப் போயிருவேன், எனக்கு லேசு."

நெல்லுக்குள்ளே நாலு

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவருக்கு வரியைப் புரியவைக்க நான் பட்ட பாட்டை வேறு யாருக்கும் பட்டதில்லை. நெல்லுக்கு ஒரு விதி, அரிசிக்கு ஒரு விதி, தவிட்டுக்கு வேறு, உமிக்கு வேறு. மாட்டுக்குப் போகிற தவிடு ஒரு பக்கம், எண்ணெய் எடுக்கப் போகிற தவிடு இன்னொரு பக்கம். ஒரு மத்தியானம் முழுக்க மில்லில் உட்கார்ந்து, மிஷின் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் முடித்ததும் குவியலிலிருந்து ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உரித்தார். உள்ளங்கையில் அரிசியும் உமியும் தனித்தனியாகக் கிடந்தன. அந்த மாதத்திலிருந்து அவர் மில்லில் நாலு சரக்குக்கும் நாலு பில் புத்தகம், நாலு நிற அட்டையில். எந்த அதிகாரியும் அங்கே ஒரு தப்பும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டது இது:

"எல்லாம் சரிதான் மேடம். உள்ள இருக்க வரைக்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஒத்துமையாத்தான இருந்துச்சு, நாமதான பிரிச்சு விட்டோம்?"

மண்வெட்டிக்கு வரி இல்லை

சேரன்மகாதேவியில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இரும்புக் கடை வைத்திருந்தார். புதிதாக என்னிடம் வந்தவர். பழைய பில்களைப் புரட்டியபோது, மண்வெட்டிக்கும் கதிர் அரிவாளுக்கும் அவர் வரி வாங்கியிருப்பது தெரிந்தது. கையால் பிடித்து வேலை செய்கிற விவசாயக் கருவிகளுக்கு அப்போது வரி விலக்கு இருந்தது. கம்பிக்கும் ஆணிக்கும் வாங்குகிற பழக்கத்தில் இதற்கும் வாங்கிவிட்டார். வாங்கியதை ஒரு காசு விடாமல் அரசாங்கத்துக்குக் கட்டியும் இருந்தார். "தப்பா வசூல் பண்ணினா அத நாம வச்சிக்கிடக் கூடாது, அரசாங்கத்துக்குப் போயிரணும். அது போயாச்சு. சட்டப்படி உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல, இனிமே வாங்காதீங்க, அவ்வளவுதான்" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. "சட்டத்துக்கு முடிஞ்சிட்டு. அரிவாள் வாங்கிட்டுப் போனவனுக்கு முடியலையே" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து கடையை மத்தியானம் சாத்திவிட்டு, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கிளம்ப ஆரம்பித்தார். பில்லில் பெயரும் ஊரும் இருந்தவர்களைத் தேடித் தேடிப் போய், தன் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் கொடுத்தது ஒரு டீ, வடைக்குத்தான் வரும். "இதுக்குப் பெட்ரோல் செலவே அதிகம்லா" என்று அவர் மனைவி என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். நானும் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கணக்கு முடிக்க ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது, ஆற்றங்கரை வயல் ஒன்றுக்கு என்னையும் கூட்டிப் போனார். நாற்றைப் பிடுங்கி முடி கட்டிக்கொண்டிருந்த சுடலைமுத்து என்பவர் வரப்புக்கு ஏறி வந்தார். ஆவுடையப்பன் விஷயத்தைச் சொல்லிச் சில்லறையை நீட்டினார்.

சுடலைமுத்து சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி, ஒரு தடவை சில்லறையைப் பார்த்தார், ஒரு தடவை அவரைப் பார்த்தார். அந்தக் கடையில் அரைமணி நேரம் பேரம் பேசாமல் அவர் எதையும் வாங்கியதில்லையாம். முகத்தில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. பெரிய நஷ்டம் வந்துவிட்டவர்போலச் சொன்னார்:

"என்னவே இப்படிப் பண்ணிட்டீரு? இனிமே உம்ம கடைக்கு வந்து, விலையக் குறையும்னு எந்த மூஞ்சியோடவே கேப்பேன்?"

மீன் கெடாமல்

உவரியில் மீன் ஏலம் எடுத்து மலையாளத்துக்கு லாரியில் அனுப்புகிற மிக்கேல் அண்ணாச்சி ஒருநாள் காலையில் போன் செய்தார். பச்சை மீனுக்கு வரி கிடையாது. ஆனால் எல்லை தாண்டுகிற சரக்கு எதுவானாலும் கடுதாசி சரியாக இருக்க வேண்டும். வழியில் லாரி அச்சு முறிந்து, வேறு லாரியில் மீனை மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். கடுதாசியில் பழைய லாரி எண். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். "யம்மா, ஐஸ் உருகுது, நீங்க வந்தாத்தான் ஆவும்" என்றார். மேற்கே போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அங்கே இருந்த அதிகாரி கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். குரலை உயர்த்தவே தெரியாதவர் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் சட்டம் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவர் என்னைப் பேச விட்டுவிட்டு, "நீங்க சொல்லுதது வாஸ்தவம்தான் மேடம். மீனுக்கு வரி இல்லை. ஆனா இது அதே மீன்தான்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும்லா? முறிஞ்ச லாரியப் பார்த்துட்டு வர ஆள் அனுப்பியிருக்கேன். வந்ததும் விட்டுருதேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் லாரிப் பக்கம் கையைக் காட்டினார். லாரி ஒரு பெரிய புளியமரத்து நிழலில் நின்றிருந்தது. இரண்டு பேர் அதில் ஐஸ் கட்டிகளை ஏற்றி உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர் ஐஸ் கம்பெனிக்கு அவரே ஆள் அனுப்பி, தன் பேரில் எழுதிக்கொள்ளச் சொல்லி வரவழைத்திருக்கிறார். "நான் நிறுத்தி வச்ச சரக்கு. கெட்டுதுன்னா அது என் பொறுப்பு" என்றார், ஏதோ எல்லா ஊரிலும் அப்படித்தான் வழக்கம் என்பதுபோல.

போன ஆள் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்து, முறிந்த லாரி நிற்பது உண்மைதான் என்றார். அதிகாரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். ஐஸ் பணத்தை நான் கொடுக்கப் போனதும், கம்பெனிக்காரரிடமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னார். லாரி டிரைவர் ரோச், காலையிலிருந்து சாப்பிடாத மனிதர், ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்:

"சட்டமும் கெடல, மீனும் கெடல. இன்னைக்குக் கெட்டது என் வயிறு ஒண்ணுதான்க்கா."

பேங்கிலா, சுவரிலா?

பேட்டை தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் மீரான் பாய்க்கு ஒரு லேத் பட்டறை. பம்புசெட் உதிரி பாகங்கள் செய்து விற்பார். இரும்பைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குக் கடைசல் வேலை மட்டும் செய்து கூலியும் வாங்குவார். அதிகாரி அழைப்பாணை அனுப்பியதும் பயந்துபோய் என்னிடம் வந்தார். அதுவரை கணக்கை அவரே எழுதி, அவரே கட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த அதிகாரி, பாயின் கணக்குகளைக் காலையிலிருந்து வரி வரியாகப் பார்த்தார். பாய் வாசல்படியோடு ஒட்டி நின்று துவா ஓதிக்கொண்டிருந்தார். கடைசியில் அதிகாரி நிமிர்ந்து, "பாய், நீங்க அதிகமா கட்டியிருக்கீங்க" என்றார்.

விஷயம் இதுதான். உதிரி பாகம் விற்றால் வரி உண்டு. அடுத்தவர் இரும்பில் கடைசல் பிடித்துக் கொடுத்து வாங்கும் கூலிக்கு விற்பனை வரி இல்லை, ஏனென்றால் அங்கே எதுவும் விற்கப்படவில்லை. பாய் இரண்டையும் கூட்டி மொத்தத்துக்கும் கட்டியிருந்தார். கூலிக்கு உண்டான வரியை யாரிடமும் வாங்கவும் இல்லை, தன் கையிலிருந்தே கட்டியிருக்கிறார். "ஏன் பாய்?" என்றேன். "அரசாங்கத்துப் பங்கு அமானிதம்மா, நம்மள நம்பி விட்டு வச்ச பொருளு. குறைஞ்சிரக் கூடாதுன்னு சேத்தே கட்டிருதது" என்றார். அந்த அதிகாரி பேசாமல் இருந்திருக்கலாம். கேட்க யாரும் இல்லை. கூடுதலாக வந்ததைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவில் எழுதினார். பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. "வேண்டாம்மா, குடுத்தது குடுத்ததா இருக்கட்டும். அங்கன இருந்து பணம் இங்கன வருதுன்னா பின்னாடி ஏதோ வரப்போவுது" என்று பல நாள் எதிலும் கையெழுத்துப் போட மறுத்தார். பட்டறைக்கே போய், அவரை அவர் மகள் முன்னால் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினேன்.

திருப்பிக் கொடுக்கும் உத்தரவுச் சீட்டு ஒருவழியாக வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாய் என் மாடிக்கு ஏறி வந்தார். கிரீஸ் படாமல் இருக்க அடியில் ஒரு செய்தித்தாள். மூச்சு வாங்க நின்று கேட்டார்:

"யம்மா, இத பேங்குல போடவா, இல்ல பிரேம் போட்டுப் பட்டறையில மாட்டவா?"

பெண் பெயரில்

டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்த பெருமாள் அண்ணாச்சி என் கட்சிக்காரர். ஒரு தை மாதத்தில் அவர் கடையின் உள்ளே உட்கார்ந்து கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மகள் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் எடுக்க வந்திருந்தார். பித்தளை அண்டாவிலிருந்து வெள்ளிக் குத்துவிளக்கு வரை எடுத்து முடித்ததும், "பில் வேண்டாம் அண்ணாச்சி, வரியக் கழிச்சிரும்" என்றார். பெருமாள் அண்ணாச்சி என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள், அதுவரை ஒரு ஓரமாக நின்ற கல்யாணப்பெண் கோமதி, "பில் வேணும்ப்பா" என்றாள். "எதுக்குட்டி? தண்டச் செலவு" என்றார் அப்பா. அவள் குரல் உயரவில்லை. "எனக்குன்னுதான வாங்குதீக? என் பேரப் போட்டுப் பில் குடுக்கச் சொல்லுங்க. வேணும்னா அந்தத் தூக்குச்சட்டி ரெண்டையும் குறைச்சிக்கிடலாம்" என்றாள். வாத்தியார் அண்ணாச்சியைப் பார்த்துத் தலையாட்டினார். ஒவ்வொரு சாமானுக்கும் எடை போட்டு, அவள் பெயரில் பில் எழுதப்பட்டது. தூக்குச்சட்டிகள் அலமாரிக்குத் திரும்பிப் போயின.

இரண்டு வருடம் கழித்து வாத்தியார் அதே கடைக்கு வந்தார். அன்றும் நான் இருந்தேன். கல்யாணம் நிலைக்கவில்லை. கோமதி அடிபட்ட காயத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாமான்களைக் கேட்கப் போனால், எல்லாம் நாங்கள் வாங்கியது என்று மாப்பிள்ளை வீட்டார் சாதித்திருக்கிறார்கள். மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்தபோது, கோமதி பையிலிருந்து பில்லை எடுத்து வைத்தாளாம். இன்ஸ்பெக்டர் அம்மா ஒவ்வொரு சாமானாகப் படித்து, ஒவ்வொன்றாக வேனில் ஏற்றவைத்தார்களாம். கோமதி இப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றார்.

"வேற ஏதும் எடுக்கணுமா வாத்தியாரே?" என்று பெருமாள் அண்ணாச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தார்:

"அன்னைக்கு வச்சிட்டுப் போன தூக்குச்சட்டி ரெண்டு இருந்தா குடும். பில்லு அவ பேருலயே போடும்."

என்னத்தக் கூட்டுதேன்?

தொண்ணூறுகளின் கடைசியில், மதிப்புக் கூட்டு வரி என்று ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, விளக்கம் சொல்ல ஒரு அதிகாரியை அழைத்திருந்தார்கள். மின்விசிறி ஓடாத ஹாலில் நூறு பேருக்கு மேல் வேர்த்துக்கொண்டிருந்தோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது வாங்கின வரியில் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கட்டினால் போதும். நீங்கள் அந்தச் சரக்கில் எவ்வளவு மதிப்பைக் கூட்டினீர்களோ, அதற்குத்தான் வரி. மேலப்பாளையம் சந்தைப் பக்கம் பருப்பு மண்டி வைத்திருந்த பேச்சிமுத்து அண்ணாச்சி எழுந்தார். "சார், நான் பருப்ப வாங்கி, பருப்பாத்தான் விக்கேன். அதுல என்னத்தக் கூட்டுதேன்?" ஹால் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. மூட்டையில கெடந்தத எடுத்து, கல்லு பொறுக்கி, அரைக் கிலோ கேக்கிறவருக்கு அரைக் கிலோ குடுக்கீங்கல்லா? மழையிலயும் கடையத் தொறந்து வைக்கீங்கல்லா? அதுதான் நீங்க கூட்டுத மதிப்பு" என்றார்.

பேச்சிமுத்து அண்ணாச்சி நின்றபடியே இருந்தார். மூட்டை தூக்கி, தராசு பிடித்து, அந்தத் தெருவிலேயே வயதானவர். இடைத்தரகன் என்றும் பதுக்கல்காரன் என்றும் பேச்சு வாங்கிப் பழகியவர். பின்னால் இருந்தவர்கள், "உக்காரும்வே" என்றார்கள். அவர் உட்காரும் முன் மேடையைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

"நான் செய்யுததுக்கு மதிப்புன்னு பேரு வச்சது நீங்கதான் சார் மொத ஆளு. அதுக்கு வரி கேட்டா குடுத்துட்டுப் போறேன்."

பத்து வருடம் நெல்லையில் வரி பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது, ஒழுங்காக வரி கட்டுகிற மனிதருக்கு அரசாங்கத்தின்மேல் கோபமே வருவதில்லை, பக்கத்துக் கடைக்காரரும் ஒழுங்காகப் போடுகிறாரா என்று அவர் பில் புத்தகத்தின்மேல் மட்டும் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும்.